சின்யோரா, எங்கை நோகுது?

சப்பாத்துக் கடையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பஸ்ஸில் ஏறினாலும் பூசைக்குப் போனாலும் முதலில் கண் போவது மற்றவர்களின் காலுக்குத்தான். புடைவைக் கடையிலோ நகைக் கடையிலோ, எங்கேயாவது நின்று "இதைவிட வேறை நிறம் இருக்கோ" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொன்ன ஆட்கள் இதை வாசித்தால், நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து பலெர்மோவுக்குப் போனேன். என் கணவர் முன்னமே போய், லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருப் பக்கத்தில் ஒரு வயதான வக்கீலை வீட்டோடு நின்று பராமரிக்கும் வேலையில் இருந்தார். எனக்குக் கிடைத்தது வியா மக்வேதா என்ற கடைத்தெருவில் ஒரு சப்பாத்துக் கடையைக் காலையில் கழுவித் துடைக்கும் வேலை. பலெர்மோ இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகர். நாகரிகம் தங்களிடமிருந்துதான் பாரிசுக்குப் போனது என்று அந்த ஊர் ஆட்கள் உண்மையாகவே நம்பினார்கள். பாண் வாங்கப் போகிற கிழவி கூட பொலிஷ் போட்ட சப்பாத்தோடும் கையில் பையோடும்தான் படி இறங்குவா. வாடகை கொடுக்கக் கஷ்டப்படுகிற வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு சோடி தனியாக இருக்கும்.

கடைக்காரர் சின்யோர் கார்மெலோ. அங்கே மரியாதைக்கு ஆணைச் சின்யோர் என்றும் பெண்ணைச் சின்யோரா என்றும்தான் கூப்பிடுவார்கள். அறுபது வயது மதிக்கலாம். கலியாணம் கட்டாதவர், சத்தம் போட்டுக் கதைக்காதவர். காசு மேசையில் நுன்சியா என்ற பெண் இருந்தாள். முதல் நாள் சின்யோர் கார்மெலோ என் பெயரைக் கேட்டார். பிலோமினா என்றேன். "பிலோமேனாவோ? என்ர சின்னம்மாவின்ர பேரும் அதுதான். அவ சாகும்வரைக்கும் ஒரு துடைப்பத்தைத் தொட்டதில்லை," என்று சொல்லிக்கொண்டே துடைப்பத்தை என் கையில் தந்தார்.

பாப்பரசர்

கடையில் விற்கிற பெண் நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னர் கலியாணம் கட்டி மிலானோவுக்குப் போய்விட்டாள். புது ஆள் தேட நேரமில்லை. ஒரு காலை நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது சின்யோர் கார்மெலோ வந்து, சப்பாத்துக்குள் குதிக்காலை இறக்குகிற நீளக் கரண்டியை என்னிடம் நீட்டினார். "கையைக் கழுவிப் போட்டு வாரும். இண்டைக்கு நீர் முன்னுக்கு நிக்கிறீர்," என்றார். எனக்கு அப்போது தெரிந்த இத்தாலியன் கால்வாசி. அதிலும் பாதி சவர்க்காரமும் வாளியும் சம்பந்தப்பட்டது.

முதலில் வந்தவர் வங்கியில் வேலை செய்கிற பெரிய மனிதர் ஒருவர். கதிரையில் இருந்து காலை நீட்டினார். நான் அவருக்கு முன்னால் சின்ன முக்காலியில் இருக்கப் போனபோது என் கால் அவருடைய காலில் தட்டிவிட்டது. எங்களுடைய ஊரில் கால் பட்டால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். யோசிக்க முதலே கை போய்விட்டது. குனிந்து அவருடைய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நுன்சியா காசு எண்ணுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அந்த மனிதர் காது வரைக்கும் சிவந்து, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சின்யோரா, நான் பாப்பரசர் இல்லை. எனக்கு ஒரு நாற்பத்திரண்டு காட்டினால் போதும்."

எத்தனை

அந்தக் கிழமையே இன்னொரு கூத்து. வருகிறவர்களிடம் கால் அளவு என்ன என்று கேட்க வேண்டும். நுன்சியா சொல்லித்தந்த வசனத்தை இரவு முழுக்கப் பாடமாக்கினேன். காலையில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு வயதான அம்மா உள்ளே வந்தவுடன் எல்லாம் கலங்கிப்போய், "சின்யோரா, உங்களுக்கு எத்தனை கால்?" என்று கேட்டுவிட்டேன். அவ சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குனிந்து தன்னுடைய கால்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொன்னா: "இப்போதைக்கு ரெண்டு, மகள். ஆனா ரெண்டுக்கும் ஒத்துவராது."

இடது மட்டும்

தை மாதத்தில் மலிவு விற்பனை தொடங்கும். அந்த நாட்களில் பலெர்மோப் பெண்கள் வழமையான பலெர்மோப் பெண்கள் அல்ல. கதவு திறக்க முதலே வெளியில் நிற்பார்கள். ஒருவரையொருவர் கன்னத்தில் கொஞ்சி நலம் விசாரிப்பார்கள். கதவு திறந்தவுடன் முழங்கையால் இடிப்பார்கள்.

ஒரு வருடம் கண்ணாடிக்குள் இருந்த சாம்பல் நிறக் குதி உயர்ந்த சோடி ஒன்றை இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டார்கள். ஒருத்தியின் கையில் இடது, மற்றவளின் கையில் வலது. அந்த அளவில் அது ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேரும் விடவில்லை. ஒருத்தி கதிரையில் இருந்தாள், மற்றவள் எதிர்க் கதிரையில் இருந்தாள். இரண்டு பேரும் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் சின்யோர் கார்மெலோவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு பேருக்கும் கோப்பி எடுப்பித்தார். கோப்பி குடிக்கும்போது கதை தொடங்கியது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே கன்னியாஸ்திரியிடம் அடி வாங்கியவர்கள் என்று தெரிய வந்தது. மதியம் கடை பூட்டுகிற நேரம் ஆகிவிட்டது. கடைசியில் இடது வைத்திருந்தவள் எழும்பி, தன்னுடையதை மற்றவளின் மடியில் வைத்தாள். அவளுடைய பெருந்தன்மையை மெச்சிக்கொண்டு வாசல் வரைக்கும் கூடப் போனேன். வாசலில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது அவள் என் காதுக்குள் சொன்னாள்: "எனக்கு வலது கால் கொஞ்சம் பெரிசு, எப்படியும் போகாது. இடது மட்டும் ஒண்டு வந்தால் எனக்கு எடுத்து வையுங்கோ."

வியாழக்கிழமை ஆட்கள்

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் விடுமுறை. அன்றைக்கு வியா மக்வேதா முழுக்க எங்களுடைய சனமாக இருக்கும். கடையில் ஒரு தமிழ்ப் பெண் நிற்கிறாள் என்று தெரிந்த பிறகு வியாழக்கிழமைகளில் உள்ளே தமிழ்தான். முதலில் நான் பயந்தேன். ஆனால் சின்யோர் கார்மெலோ "நாற்பது", "பெரிசு", "சின்னன்" என்ற சொற்களைத் தமிழில் பழகிக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்படி வந்தவர்தான் யோகன். யாழ்ப்பாணத்துப் பொடியன். அரியாலையில் கலியாணம் கட்டி மூன்றாம் மாதமே மனைவியை விட்டுவிட்டு வந்தவர். வருடக்கணக்கில் அலைந்து, மனைவியைக் கூப்பிடுகிற பத்திரங்களெல்லாம் சரிவந்து, அடுத்த கிழமை அவள் வருகிறாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு சோடி நல்ல சப்பாத்து வேண்டும் என்றார். "என்ன அளவு?" என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. கையை விரித்துச் சாணைக் காட்டினார். பிறகு யோசித்து, இரண்டு விரலைக் கூட்டினார். பிறகு ஒரு விரலைக் குறைத்தார். "அக்கா, அவளுக்குச் சின்னக் கால். நல்ல சின்னக் கால். அது மட்டும் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு," என்றார். அந்தச் சாணை அளந்து பார்த்து முப்பத்தைந்து கொடுத்தேன். பால் நிறம், முன்னுக்கு ஒரு சின்ன முடிச்சு. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். அவருடைய மனைவி சாந்தி நல்ல உயரமான பெண். கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, அந்தக் கால் முப்பத்தைந்துக்குள் நோகாமல் போயிருக்காது. யோகன் வாசலில் தெரிந்த ஒருவரைக் கண்டு கதைத்துக்கொண்டு நின்றார். அவள் மட்டும் உள்ளே வந்து பையைத் திறந்தாள். ஒருநாள் போட்டிருக்கிறாள். குதிக்காலில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து கிடந்தது. "விமான நிலையத்தில இருந்து இதோடையோ வந்தனீர்?" என்று கேட்டேன். "ஓம் அக்கா. அவர் பாத்துக்கொண்டே நிண்டவர்," என்றாள். அலுமாரியில் அதே மாதிரியில் முப்பத்தெட்டு இருந்தது. போட்டு, கண்ணாடியில் பார்த்து, பெருமூச்சு விட்டாள். நான் பெட்டியை மாற்றப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்: "பழைய பெட்டியிலையே வைச்சுத் தாங்கோ அக்கா. இவ்வளவு காலமும் சின்னக் கால் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டார், பாவம், அப்பிடியே இருக்கட்டும்."

பகேரியாவிலிருந்து ரயிலில்

சின்யோரா தெரேசா பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்தா. முந்தி ஆசிரியை. கிழமைக்கு ஒருமுறை ரயிலேறி வந்து, எங்களுடைய கடையில் இருந்து நாலைந்து சோடி போட்டுப் பார்ப்பா. எழும்பிக் கண்ணாடி வரைக்கும் நடப்பா. திரும்பி வந்து இருப்பா. பிறகு ஒன்றும் வாங்காமல் கும்பிட்ட மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போவா. விற்கிற வேலை செய்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஒருவரையாவது தெரிந்திருக்கும். நுன்சியா அவவைக் கண்டவுடன், "உன்ர கதிரையின்ர வாடகைக்காரி வாறா," என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள்.

எனக்கு அவவில் கோபம் வரவில்லை. வீங்கிய, நீல நரம்பு ஓடிய கால். நான் சப்பாத்தைப் போட்டு, விரல் முடிகிற இடத்தைப் பெருவிரலால் அமத்தி, கடையில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்பேன்: "சின்யோரா, எங்கை நோகுது?" அவ நிதானமாக யோசித்துத்தான் பதில் சொல்லுவா. இஞ்சை இல்லை, கொஞ்சம் மேலுக்கு. பிறகு அந்தக் கால் எப்போது முதலில் நோகத் தொடங்கியது, அன்றைக்கு மழையோ வெயிலோ, பிள்ளைகள் வகுப்பில் என்ன செய்தார்கள் என்றெல்லாம் கதை போகும். என்னுடைய இத்தாலியன் பாதிக்கு மேல் அவவிடம் பழகியதுதான். பிழை விட்டால் நிறுத்தி, திருப்பிச் சொல்லவைப்பா.

ஒருநாள் வந்தபோது கதிரையில் இருக்கவில்லை. பகேரியாவில் செய்கிற, வெங்காயமும் சீஸும் போட்டுச் சுட்ட தடித்த ரொட்டி ஒரு தட்டில் கொண்டுவந்து காசு மேசையில் வைத்தா. நுன்சியாவுக்கும் சேர்த்துத்தான். மகன் வடக்கே தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம், இனி வரமாட்டாவாம். இவ்வளவு காலமும் ஒரு சோடியும் உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டதே என்று ஏதோ உளறினேன். அவ என் கன்னத்தைத் தட்டினா. "எல்லாம் பிடிச்சுதான் இருந்தது, பிலோமேனா. ஆனா என்ர மனிசன் செத்த பிறகு, எங்கை நோகுது எண்டு என்னைக் கேட்ட ஆள் நீர் ஒருத்திதான்."

கடையில் இல்லாத அளவு

இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாரும் தேனும் பாலுமாக இருந்தார்கள் என்று நினைப்பீர்கள்.

லிபெர்த்தாவிலிருந்து ஒரு பணக்கார அம்மா வருவா. வருடத்தில் இரண்டு தரம் வந்து, முழுக் குடும்பத்துக்கும் வாங்கிக்கொண்டு போகிறவ. அப்படிப்பட்ட ஆட்களை நம்பித்தான் அந்தக் காலத்தில் கடை ஓடியது. ஊருக்கு வெளியே பெரிய பெரிய கடைகள் திறக்கத் தொடங்கியிருந்தன. சின்யோர் கார்மெலோ இரவில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு தனக்குத்தானே கதைக்கத் தொடங்கியிருந்தார். அந்த அம்மா வந்து இருந்தபோது நான் பெட்டியோடு போய் முக்காலியில் இருந்தேன். அவ காலை உள்ளே இழுத்துக்கொண்டா. என்னைப் பார்க்காமல், என் தலைக்கு மேலால் நுன்சியாவைப் பார்த்துச் சொன்னா: "இந்தக் கறுப்பி என்ர காலைத் தொட வேண்டாம். நீ வா." நுன்சியா எழும்பவில்லை. தனக்கு நாரிப் பிடிப்பு, குனிய ஏலாது என்றாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவள் குனிந்து நிலத்தில் விழுந்த சில்லறை பொறுக்கினவள்.

சின்யோர் கார்மெலோ பின்னுக்கிருந்து வந்தார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கி மூடியைப் போட்டார். "மன்னிக்க வேணும், சின்யோரா. உங்கட அளவு எங்களிட்ட இல்லை," என்றார். "என்ன கதை இது? முப்பத்தேழு. அந்தப் பெட்டியிலையே எழுதியிருக்கு," என்றா அவ. "முந்தி இருந்தது. இப்ப முடிஞ்சு போச்சு," என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தார். அவ போனா. பிறகு ஒரு நாளும் வரவில்லை. அவவின் சிநேகிதிகள் சிலரும் வரவில்லை. நான் பின் அறையில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அவ சொன்னதுக்கு அல்ல, அதைப் போல் பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்டிருக்கிறேன். என்னால் இந்த மனிதருக்கு நட்டம் என்றுதான் அழுதேன். போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அலுமாரியில் அந்தப் பெட்டியைச் செருகிக்கொண்டே சொன்னார்: "நீர் ஏன் மன்னிப்புக் கேக்கிறீர்? கடை எண்டால் ஒண்டு ரெண்டு சாமான் முடியிறதுதானே."

என்ன வேலை

அதற்கு அடுத்த வருடம் என் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, முடிகிற தறுவாயில் வந்தது. அதைப் புதுப்பிக்க வேலைப் பத்திரம் வேண்டும். முதலில் என்னை வீட்டு வேலைக்காரியாகப் பதிந்திருந்த வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பத்திரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மகள் டிலானி அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள். கணவரும் நானும் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவள் படுத்த பிறகும் கதைப்பதில்லை. கதைத்தால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

சின்யோர் கார்மெலோவுக்கு நுன்சியாதான் சொல்லியிருக்கிறாள். அவர் நேரே கணக்காளரிடம் போய், எனக்கு முழுநேர வேலை என்று பத்திரம் எழுதி எடுத்து வந்தார். பிறகு ஒரு காலை கடையைப் பூட்டி, "பன்னிரண்டு மணிக்குத் திறப்பம்" என்று கண்ணாடியில் ஒட்டிவிட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு என்னோடு கெஸ்தூராவுக்கு, அதுதான் அந்தப் பொலிஸ் கந்தோருக்கு, வந்தார். வரிசை தெருவரைக்கும் நின்றது. எங்களுடைய ஆட்கள் அவருக்கு இடம் விட்டார்கள். அவர் மறுத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றார். வெயில் ஏற ஏற, முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்கள் போட்டிருந்த சப்பாத்தைப் பற்றி எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என்னுடைய பயத்தை மறக்கச் செய்யத்தான் என்று பிறகுதான் விளங்கியது.

யன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி பத்திரத்தைத் திறக்க முதலே, "வீட்டு வேலையோ?" என்றார். நான் ஓம் என்று தலையாட்டப் போனேன். கேட்டுப் பழகின கேள்வி, சொல்லிப் பழகின பதில். சின்யோர் கார்மெலோ தொப்பியைக் கழற்றினார். "இல்லை. கொம்மெஸ்ஸா. கடையில விக்கிறவ. வியா மக்வேதாவில நடந்து போற சனத்தில கனபேர் இவ போட்டுவிட்ட சப்பாத்தோடதான் நடக்கினம். அப்பிடியே எழுதுங்கோ," என்றார். அதிகாரி எழுதினார். முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் இப்போதும் எனக்கு ஞாபகம். பத்திரத்தை நீட்டிவிட்டுக் கையை எடுக்காமல், யன்னலுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சின்யோரா, எனக்கு இடது கால் சின்ன விரல் சரியா நோகுது. இது காலின்ர பிழையோ, சப்பாத்தின்ர பிழையோ?"

செத்தவர்கள் கொண்டுவருவது

பலெர்மோவில் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது நத்தார் தாத்தா அல்ல. கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் தேதி, இறந்தவர்களின் திருநாளில், அந்தந்த வீட்டில் செத்துப்போன தாத்தா பாட்டிமார் இரவில் வந்து பரிசை ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுச் சாமான், சீனியில் செய்த பொம்மை, புதுச் சப்பாத்து. பிள்ளைகள் காலையில் எழும்பித் தேடுவார்கள். அதனால் அதற்கு முதல் நாட்களில் எங்களுக்கு மூச்சு விட நேரமிராது. தகப்பன்மார் வந்து, "இது செத்தவையின்ர, பெட்டியைப் பொதி செய்து தாங்கோ," என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். முதல் வருடம் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

நான் சொல்லுகிற வருடம் வைகாசியில் ஊரில் அப்பு, என்னைப் பெற்ற தகப்பன், செத்துப்போனார். செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கனநாள். போக வழியில்லை. அவர் கடற்தொழில் செய்தவர். வீட்டில் இருந்த ஒரே படத்தில் வள்ளத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்பார். டிலானி அவரை அந்தப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். திருநாளுக்கு முதல் நாட்களில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் செத்தவர்களிடம் என்ன கேட்டிருக்கிறோம் என்று கதைத்திருக்கிறார்கள். பின்னேரம் கடைக்கு வந்தவள், நான் ஏணியில் நின்று பெட்டி எடுத்துக்கொண்டிருக்க, இத்தாலியனில் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்: "அம்மா, எங்கட தாத்தாவும் வருவாரோ, இல்லாட்டி அவருக்கும் பெர்மெஸ்ஸோ வேணுமோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏணியில் நின்றபடி தேவையில்லாத இன்னொரு பெட்டியை இழுத்தேன். சின்யோர் கார்மெலோ சிரிக்கவில்லை. அன்றைக்குப் பூட்டுகிற நேரம், பெட்டி அடுக்கிக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார், உம்மட அப்பாவின்ர பேர் என்ன, ஆள் எப்படி இருப்பார் என்று. சூசை என்றேன். மெலிஞ்சவர், நரைத்த மீசை, சப்பாத்து என்ற சாமானைக் காலில் போட்டே பழக்கமில்லாதவர் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

திருநாள் அன்று பள்ளிக்கூடம் இல்லை. டிலானியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நாங்கள் வீட்டில் அவளுக்குச் சீனிப் பொம்மை ஒன்று வைத்திருந்தோம். அதை அம்மா வாங்கினது என்று கண்டுபிடித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போனவுடன் சின்யோர் கார்மெலோ அவளைக் கூப்பிட்டு, காசு மேசைக்குக் கீழே பார்க்கச் சொன்னார். சிவப்புச் சப்பாத்து, பக்கவாட்டில் பட்டி. அவளுடைய அளவேதான். "நேற்று கடை பூட்டின பிறகு ஒரு மெலிஞ்ச மனிசர் வந்தவர்," என்றார் அவர். "நரைச்ச மீசை. பேர் சூசை எண்டார். இத்தாலியன் வராது. விரலால இந்தச் சிவப்பைக் காட்டி, உன்ர பேரைச் சொல்லிப் போட்டுப் போனவர்."

டிலானி சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நுன்சியா காசுப் பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என் மகள் அவரைக் கேட்டாள், தாத்தா வெறுங்காலோடு வந்தாரா, திரும்பிப் போகும்போதும் வெறுங்காலா என்று. சின்யோர் கார்மெலோ ஒரு நிமிடமும் தயங்கவில்லை. "அப்பிடி விடுவனோ, பிள்ளை? நாற்பத்தொண்டு, மெல்லிய தோல். போட்டுக்கொண்டுதான் போனவர்."

இப்போது என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. என்ன வேலை செய்து இப்படி ஆனது என்று டொக்டர் கேட்கிறபோதெல்லாம், குறை சொல்ல வாயைத் திறந்து நன்றி சொல்லத் தொடங்கிவிடுகிறேன் என்று அவர் எனக்கு தலைக்குப் பார்க்கிற இன்னொரு டொக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.